மார்கழிக் குளிரில் வீட்டைக் கதகதப்பாக வைப்பது எப்படி? கரண்ட் பில் ஏறாமல்!

மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு மார்கழி மாதம். பையனுக்குச் சளி விட்டபாடில்லை. பயந்துபோய் 2000 வாட் ரூம் ஹீட்டர் ஒன்று வாங்கி வந்தோம். தினம் ராத்திரி 3 மணி நேரம் ஓடியது. அறை சூடாகும், அணைத்து அரை மணி நேரத்தில் பழையபடி குளிரும். ஒரு நாளைக்கு 6 யூனிட் என்றால் மாதத்துக்கு 180 யூனிட். நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு, அதில் அப்போது முதல் 100 யூனிட்தான் இலவசம். மீதியை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்போது என் அத்தை (மாமியார்) கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "ஏங்கண்ணு, தரை ஐஸாட்டம் இருக்குது. அதுக்கு ஒண்ணும் பண்ணாம காத்தைச் சூடு பண்ணி என்ன ஆகப்போகுது?"

அந்த ஒரு கேள்விக்குப் பிறகு ஹீட்டர் பரணுக்குப் போனது. அதற்கப்புறம் நாங்கள் செய்து பார்த்து, பலன் கண்டவற்றை வரிசையாகச் சொல்கிறேன். பெரும்பாலும் வீட்டில் ஏற்கெனவே இருக்கிற பொருட்கள்தான்.

முதலில்: குளிர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

சுவரில் மாட்டும் சாதாரண தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் வீடு ஈரோட்டுப் பக்கம், சமவெளி, கான்கிரீட் கூரை. மார்கழி விடியற்காலையில்கூட படுக்கையறையில் 21, 22 டிகிரி காட்டுகிறது. வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அப்படிப் பார்த்தால் எங்கள் அறைக் காற்றில் குறையே இல்லை. பிறகு ஏன் வெடவெடவென்று நடுங்குகிறோம்?

மூன்று காரணம். வெறுந்தரை உடம்புச் சூட்டை உறிஞ்சுகிறது. கதவிடுக்கில் ஊதக்காற்று நுழைகிறது. மூன்றாவது, தலைக்கு மேலே சுற்றுகிற ஃபேன். ஆமாம், நம்மில் பாதிப்பேர் மார்கழியிலும் கொசுவுக்குப் பயந்து ஃபேனைப் போட்டுவிட்டு, அதன் குளிருக்குப் பயந்து இழுத்துப் போர்த்திக்கொண்டு படுக்கிறோம்.

ராத்திரி 10 மணிக்கு ஃபேனை நிறுத்திவிட்டு ஓர் ஊதுபத்தியைக் கொளுத்துங்கள். கதவின் அடி, ஜன்னல் ஓரம், ஏ.சி.க்கு ஓட்டை போட்ட இடம் என்று ஒவ்வொன்றாகக் காட்டிப் பாருங்கள். புகை நேராக எழாமல் சாய்கிற இடமெல்லாம் காற்று வருகிற இடம். பென்சிலால் குறி போட்டு வையுங்கள். திரைச்சீலைப் பக்கம் மட்டும் நெருப்பைக் கொண்டுபோக வேண்டாம்.

தாளவாடி, வால்பாறை, ஏற்காடு, கொல்லிமலையில் இருப்பவர்களுக்கு நிலைமை வேறு. 1000 மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும். திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவு ஏறி தாளவாடி போனவர்களுக்கு அந்த வித்தியாசம் காதிலேயே தெரிந்திருக்கும். அவர்களுக்கென்று கடைசியில் தனியாகச் சொல்கிறேன்.

தரை

இதில்தான் அதிக பலன் கிடைத்தது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். டைல்ஸ், கிரானைட், காவித்தரை எதுவானாலும் காலிலிருந்து சூட்டை வேகமாக இழுத்துக்கொள்ளும். மரப்பலகையும் டைல்ஸும் ஒரே அறையில் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கும். ஆனாலும் டைல்ஸ்தான் சில்லென்று படும். சூடு கடத்துகிற வேகம்தான் வித்தியாசம். ஆக, நடுவில் காற்றைப் பிடித்து வைத்திருக்கிற ஒரு பொருளைப் போட்டால் போதும்.

தரையில் படுப்பவர்கள் இந்த வரிசையில் விரியுங்கள்: அடியில் கோரைப்பாய், அதன்மேல் ஜமக்காளம், அதன்மேல் மெத்தை அல்லது இரண்டாக மடித்த கனமான போர்வை. கோரைத்தண்டின் உள்ளே பஞ்சு போன்ற சோறும் காற்றும் இருப்பதால் அது அடியில் இருக்க வேண்டும். கரூர், நாமக்கல் பக்கம் காவிரிக்கரையில் விளைகிற கோரையில் நெய்தது நம் ஊரில் சுலபமாகக் கிடைக்கும். பிளாஸ்டிக் பாய்க்கு இந்தக் குணம் குறைவு. ஜமக்காளம் பவானி கைத்தறியாக இருந்தால் கனமாக, விறைப்பாக இருக்கும், நழுவாது. புவிசார் குறியீடு பெற்ற பொருள் அது. எங்கள் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) கல்யாணச் சீராகக் கொண்டுவந்த ஜமக்காளத்தில்தான் இப்போது என் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கிறார்கள்.

நாங்கள் முதலில் செய்த தப்பு, மேலே போர்த்துவதை மட்டும் கூட்டிக்கொண்டே போனது. உடம்பின் எடையில் அடியில் இருக்கிற மெத்தை அமுங்கி, காற்றெல்லாம் வெளியேறிவிடும். மேலே இரண்டு கம்பளி இருந்தாலும் முதுகு குளிரும். இரண்டு போர்வை இருந்தால் ஒன்று அடியில், ஒன்று மேலே. கயிற்றுக் கட்டிலில் படுக்கிற பெரியவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். கோடையில் சுகம் தருகிற அந்தக் கயிற்று இடைவெளி மார்கழியில் அடியிலிருந்து காற்றை விடும்.

பகலில் நடமாடும் இடத்துக்குச் சாக்ஸும் வீட்டுச் செருப்பும். வயதானவர்கள் கூச்சப்படுவார்கள், வாங்கி வாசற்படி ஓரம் வைத்துவிடுங்கள், நாலு நாளில் தானாகப் போட்டுக்கொள்வார்கள்.

கதவிடுக்கு: பனியன் வேஸ்ட்டில் ஒரு தடுப்பு

ஊதுபத்திப் புகை எங்கே அதிகம் சாய்ந்தது? அநேகமாகக் கதவின் அடியில். கடையில் ரப்பர் பட்டை கிடைக்கும். எங்களுக்கு வீட்டில் தைத்ததே பிடித்திருக்கிறது.

கதவின் அகலத்தைவிட 10 சென்டிமீட்டர் நீளமாக, 35 சென்டிமீட்டர் அகலமாகப் பழைய பெட்ஷீட்டில் ஒரு துண்டு வெட்டுங்கள். நீளவாக்கில் மடித்து ஓரத்தைத் தைத்தால் குழாய் போல வரும். ஒரு முனையை மூடித் தைத்துவிடுங்கள். உள்ளே பனியன் வேஸ்ட்டை அடைக்க வேண்டும். திருப்பூர் சுற்றுவட்டாரத்தில் மெஷின் துடைப்பதற்குக் கிலோக் கணக்கில் விற்பதுதான். கிடைக்காவிட்டால் கிழிந்த பனியன்களைத் துண்டு துண்டாக வெட்டிக்கொள்ளலாம். ரொம்பத் திணிக்காதீர்கள்; கல் மாதிரி ஆனால் தரையோடு படியாது. அடியில் கொஞ்சம் கனம் வேண்டுமென்றால் ஒரு கைப்பிடி மணலைச் சிறு துணியில் முடிந்து உள்ளே போடலாம். மறுமுனையைத் தைத்துக் கதவடியில் ஒட்டிப் போடுங்கள்.

ஜன்னலுக்கு நேரம்தான் மருந்து. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால், தெற்கு ஜன்னலுக்கு உச்சி வேளையிலும் வெயில் விழும். காலை 9 மணிக்குத் திறந்து, திரையை முழுதாக ஒதுக்கி, வெயிலைத் தரையிலும் சுவரிலும் விழ விடுங்கள். 4 மணிக்கெல்லாம் மூடிவிட வேண்டும். 6 மணிக்கு, விளக்கு வைக்கும்போது மூடினால் சேர்த்த சூடு போயிருக்கும், கொசுவும் உள்ளே வந்திருக்கும். இந்தப் பருவத்தில் காற்று கிழக்கு, வடகிழக்கிலிருந்து வரும் என்பதால் அந்தப் பக்க ஜன்னல்களில் கூடுதல் கவனம்.

ஆனால் வெண்டிலேட்டர் ஒன்றாவது திறந்தே இருக்கட்டும். எல்லாவற்றையும் அடைத்தால் மூச்சுக்காற்றின் ஈரம் சுவரில் படிந்து பூஞ்சை பிடிக்கும். சமையலறை ஜன்னலை அடைக்கவே கூடாது.

ஃபேனை நிறுத்துங்கள், கொசுவலை கட்டுங்கள்

சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட். 8 மணி நேரத்துக்கு 0.6 யூனிட், 60 நாளுக்கு 36 யூனிட். ஃபேன் நின்றாலே உடம்புக்கு இரண்டு மூன்று டிகிரி கூடின மாதிரி இருக்கும். கொசுவுக்கு வலை கட்டிக்கொள்ளுங்கள். கரூரில் வலை நெய்வது பெரிய தொழில், நம் பக்கம் எல்லா ஊரிலும் கிடைக்கும். வலைக்குள் காற்றோட்டமும் சற்றுக் குறையும், அது இப்போது நல்லதுதான்.

இன்னொன்று: இந்த இரண்டு மாதம் எல்லோரும் ஒரே அறையில் படுங்கள். தூங்குகிற மனித உடம்பு ஒன்று சுமார் 70, 80 வாட் சூட்டை வெளிவிடுகிறது. நாலு பேர் என்றால் கிட்டத்தட்ட 300 வாட், ராத்திரி முழுக்க, காசில்லாமல். பிள்ளைகள் நடுவில், பெரியவர்கள் ஓரத்தில். எங்கள் வீட்டில் கதை கேட்கிற பழக்கம் திரும்பி வந்தது இதனால்தான்.

துணிமணி

தடித்த ஸ்வெட்டர் ஒன்றைவிட மெல்லிய துணி இரண்டு மேல். இடையில் நிற்கிற காற்றுதான் சூட்டைக் காக்கிறது. பிள்ளைகளுக்கு உடம்பை ஒட்டிய காட்டன் பனியன், அதன்மேல் முழுக்கை டி-ஷர்ட், விடியற்காலையில் மட்டும் ஃப்ளீஸ் ஜாக்கெட். ஐரோப்பாவின் குளிருக்கென்று திருப்பூரில் தைக்கிற துணியில் மிஞ்சுவது அங்கேயே காதர்பேட்டை கடைகளில் மலிவாகக் கிடைக்கும். ஃப்ளீஸ் சட்டென்று தீப்பிடிக்கக்கூடியது. அதைப் போட்டுக்கொண்டு அடுப்பருகிலோ வாசலில் தீ காயும் இடத்திலோ பிள்ளைகளை விடாதீர்கள்.

போர்வைக்கு, கைத்தறிக்குப் பேர்போன சென்னிமலை இருக்கவே இருக்கிறது. எந்தப் போர்வையானாலும் வாரம் இரண்டு நாள் 12 மணியிலிருந்து 3 மணிவரை மொட்டை மாடி வெயிலில் போட்டு, சூடு ஆறுமுன் மடித்து உள்ளே வைக்க வேண்டும். ஈரம் ஏறிய பருத்தி குளிரைத் தாங்காது. கொடியிலேயே விட்டுப் பனி இறங்கிய போர்வையைப் பிள்ளைக்குப் போர்த்தினால் போர்த்தாததற்குச் சமம்.

குளியல்: கரண்ட் பில் உண்மையில் ஏறுகிற இடம்

பெரும்பாலான வீடுகளில் ரூம் ஹீட்டரே இருக்காது, கீசர் இருக்கும். 22 டிகிரித் தண்ணீர் 15 லிட்டரை 50 டிகிரிக்குக் கொண்டுவர சுமார் அரை யூனிட் ஆகும். பச்சைத் தண்ணீர் கலந்தால் ஒருவர் தாராளமாகக் குளிக்கலாம். நாலு பேருக்கு நாளைக்கு 2 யூனிட், இரண்டு மாதத்துக்கு 120. இலவச யூனிட்டில் பெரும்பகுதி குளியலறையிலேயே தீர்ந்துவிடுகிறது.

இதை எப்படிக் குறைப்பது? 2000 வாட் கீசருக்கு 15 நிமிடம் போதும். சுவிட்சைப் போட்டுவிட்டுக் கோலம் போடப் போய் ஒரு மணி நேரம் கழித்து வருகிற பழக்கத்தை விடுங்கள். தெர்மோஸ்டாட் 50-இல் இருக்கட்டும். ஒருவர் பின் ஒருவராகக் குளித்துவிடுங்கள், இடைவெளி விட்டால் தொட்டியும் குழாயும் ஆறிப்போகும். போர் தண்ணீர் உப்பாக இருக்கிற ஊர்களில் கம்பியில் காரை படியும். காரை ஏறினால் சூடு தண்ணீருக்குப் போய்ச் சேர நேரமாகும், கம்பியும் சீக்கிரம் போகும். தீபாவளிக்கு முன்பே ஆள் கூப்பிட்டுச் சுத்தம் செய்துவிடுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த வழி, பிள்ளைகளின் குளியலைச் சாயங்காலத்துக்கு மாற்றியது. மாடியில் இருக்கிற கறுப்புத் தொட்டித் தண்ணீர் பகலெல்லாம் வெயில் குடித்து, 4 மணிக்கு வெதுவெதுவென்று இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதில் குளியல். காலையில் முகம், கை, கால் மட்டும். தலைக்கு ஊற்றுவது ஞாயிற்றுக்கிழமை மதியத்தில்.

தோட்டத்து வீடாக இருந்தால் பொடக்காலியில் (கொல்லைப்புறத்தில்) வெந்நீர் அடுப்பு இருக்கும். தென்னை மட்டை, பாளை, கொட்டாங்குச்சி என்று வீணாகிற விறகு போதும். பழைய செம்பு பாய்லர் பரணில் கிடந்தால் இறக்கிப் புளி போட்டுத் தேய்த்து எடுங்கள். நடுக்குழாயில் நெருப்பு, சுற்றிலும் தண்ணீர் என்பதால் சூடு அதிகம் வீணாகாது.

வாளியில் போடுகிற ஹீட்டர் ராடு வைத்திருப்பவர்கள் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகுதான் தண்ணீரைத் தொட வேண்டும். இரும்பு, அலுமினிய வாளி கூடவே கூடாது.

கூரை

சிமெண்ட் சீட், தகரக் கொட்டகைக்கு மட்டும் இது. மேகமில்லாத ராத்திரியில் சீட் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு வெளிக்காற்றைவிடக் குளிர்ந்துபோகும். சீட்டின் மேல் தென்னங்கீற்று வேயலாம். உள்ளே ஓர் அடி கீழே பழைய வேட்டியை மேற்கட்டி போல இழுத்துக் கட்டினால் குளிர் இறங்குவது நன்றாகவே குறையும். அடுப்பும் விளக்கும் இருக்கிற இடத்தில் கட்ட வேண்டாம்.

மலைப்பகுதிக்கும் கைக்குழந்தை வீட்டுக்கும்

மேலே சொன்னதெல்லாம் செய்தும் தெர்மாமீட்டர் 18-க்குக் கீழே காட்டினால் ஹீட்டர் போடத்தான் வேண்டும், அதில் கஞ்சத்தனம் கூடாது. படுப்பதற்கு அரை மணி நேரம் முன்பு போட்டு, படுக்கும்போது அணைத்துவிடுங்கள். 2000 வாட் ஹீட்டர் 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 16 ஆம்பியர் பிளக்கில் நேராகச் செருக வேண்டும், எக்ஸ்டென்ஷன் பெட்டியில் அல்ல. துணி, திரையிலிருந்து 3 அடி தள்ளி இருக்கட்டும்.

பெரியவர்களுக்கு வெந்நீர்ப் பை நல்லது. ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஊற்றிய பையைத் துண்டில் சுற்றிக் கால்மாட்டில் வைத்தால் வெகுநேரம் இதமாக இருக்கும். கைக்குழந்தைகளுக்கு அதை வைக்கக் கூடாது. தோல் வெந்துவிடும்.

ஒன்றைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். மூடிய அறைக்குள் கரி அடுப்போ தணலோ வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். கரி எரியும்போது வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். ஜன்னலில்லாத குளியலறையில் கேஸ் கீசர் வைப்பதும் இதே ஆபத்துதான்.

சாப்பாடு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ராத்திரி கொள்ளு ரசமும், விடிந்ததும் சுக்கு மல்லிக் காபியும் நம் வீடுகளில் ஏற்கெனவே உண்டு. காபியை ஒரே தடவை போட்டு ஃபிளாஸ்க்கில் ஊற்றி வைத்துவிட்டால் ஆளுக்கொருமுறை அடுப்பு பற்ற வைக்க வேண்டாம்.

மாசி பிறந்ததும்

கதவடித் தடுப்பைப் பிரித்துத் துவைத்துக் காய வையுங்கள். ஜமக்காளத்தை ஒரு நாள் முழுக்க வெயிலில் போட்டு, தட்டி, காய்ந்த வேப்பிலையை இடையிடையே வைத்துச் சுருட்டி, பழைய வேட்டியில் கட்டிப் பரணில் ஏற்றுங்கள். கோரைப்பாயை மடிக்காமல் சுருட்டி நிறுத்தி வைக்க வேண்டும். மடித்தால் அந்த இடத்தில் தண்டு ஒடிந்து, அடுத்த மார்கழிக்குள் பாய் கிழிந்துவிடும்.