என்ஜின் பணிக்கு முன் அடியைப் பாருங்கள்: பழைய காருக்குப் பெருஞ்செலவு செய்யலாமா?

கார் ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது. "என்ஜினை இறக்க வேண்டும், ஐம்பதாயிரத்துக்குக் குறையாது" என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். வீட்டில் ஒருவர் விற்றுவிடச் சொல்கிறார். இன்னொருவருக்கு அப்பா ஓட்டிய வண்டியை விட மனமில்லை. இந்த இடத்தில் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். காரைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களும் இந்த வரிசையில் போகலாம்.

எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்தில். கடல் இரைச்சல் கேட்காத இரவு கிடையாது. எங்கள் 2009 மாடல் பெட்ரோல் காருக்கு 52,000 ரூபாய் செலவழித்து என்ஜின் பணி செய்தோம். என்ஜின் அருமையாக ஓடியது. எட்டாவது மாதம் திங்கள்நகர் தாண்டி ஒரு குழியில் இறங்கி ஏறியபோது வண்டியின் பின்பக்கம் ஒருபுறமாகத் தாழ்ந்துவிட்டது. பின் ஆக்சிலை, அதாவது பின்சக்கர அச்சைத் தாங்கும் அடித்தகடு துருவேறிக் கிழிந்திருந்தது. "வெல்டிங் வைக்கச் சுற்றிலும் நல்ல தகடு வேண்டுமே அண்ணாச்சி, அதுவே இல்லையே" என்று டிங்கர் கையை விரித்தார். எல்லோரும் என்ஜினைப் பார்த்தோம். ஒருவரும் அடியைப் பார்க்கவில்லை. அதனால் என் வரிசை அடியிலிருந்துதான் தொடங்கும்.

முதல் படி: அடித்தகடு

சிறிய கார்களில் லாரிக்கு இருப்பதுபோலத் தனிச் சேஸி (அடிச்சட்டம்) கிடையாது. தகடுகளைப் பற்றவைத்துச் செய்த கூடுதான் வண்டியைத் தாங்குகிறது. என்ஜினை மாற்றலாம், கியர் பாக்ஸை மாற்றலாம். கூட்டை மாற்ற முடியாது. நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. கரையோரத்தில் உப்புக்காற்று வேறு. தகட்டில் படிந்த உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்வதால், மழை விட்ட பிறகும் துரு ஓய்வதில்லை. குலசேகரம் பக்கம் உப்பு குறைவு. ஆனால் ரப்பர்த் தோட்டத்துச் சேறு சக்கர வளைவுக்குள் அப்பிக்கொண்டு வாரக்கணக்கில் காயாமல் கிடக்கும்.

வாட்டர் சர்வீஸ் செய்யும் இடத்தில் லிஃப்டில் ஏற்றி அடியைக் கழுவச் சொல்லுங்கள். வீட்டில் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒருபோதும் நுழைய வேண்டாம். காய்ந்ததும் ஒரு டார்ச்சும் பழைய ஸ்க்ரூடிரைவரும் எடுத்துக்கொள்ளுங்கள். கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் படி, ஜாக்கி வைக்கும் இடங்கள், பின் ஆக்சில் பிடிமானம், பானெட்டைத் திறந்தால் இருபுறமும் தெரியும் ஷாக் அப்சார்பர் மேடை, பிரேக் ஆயில் போகும் குழாய்கள் ஆகியவற்றைப் பாருங்கள். தகட்டில் ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டுங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். உளுத்த தகடு பொத்தென்று சத்தமடங்கும். முனையை வைத்து அழுத்தினால் பப்படம்போல நொறுங்கிக் காபிப்பொடி நிறத்தில் செதில் செதிலாகக் கொட்டும். பிரேக் குழாயை மட்டும் குத்தாமல் கண்ணால் பாருங்கள்.

பிறகு உள்ளே வந்து மிதியடியைத் தூக்கி, அதன் கீழுள்ள கம்பளத்தையும் ஓரமாக உரித்துக் கையை வைத்துப் பாருங்கள். ஈரம் சொதசொதவென்று இருந்தால் தரைத்தகடு மேலிருந்தும் அரிக்கப்படுகிறது.

மேலோட்டமான செந்துரு பயப்பட வேண்டியதல்ல. தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு அடிக்கலாம். தரையில் ஒரு ஓட்டை என்றால் தகடு வைத்துத் தைக்கலாம். ஆக்சில் பிடிமானமோ ஷாக் அப்சார்பர் மேடையோ ஓட்டையாகியிருந்தால் என்ஜினுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள்; கடைசிப் படிக்குப் போய்விடுங்கள்.

இரண்டாம் படி: நோய் என்ன?

"என்ஜின் போய்விட்டது" என்பது நோயின் பெயரல்ல. வண்டி சூடாகிறது என்று வையுங்கள். ரேடியேட்டர் ஃபேன் சுற்றாமல் இருக்கலாம், தெர்மோஸ்டாட் திறக்காமல் இருக்கலாம், வாட்டர் பம்ப் ஒழுகலாம். என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஊற்ற வேண்டிய இடத்தில் கிணற்று நீரையே ஊற்றி வந்திருந்தால் ரேடியேட்டர் உப்புப் படிந்து அடைத்திருக்கலாம். இவையெல்லாம் என்ஜினைப் பிரிக்காமலே சரிசெய்யக்கூடியவை.

வண்டி நன்றாக ஆறிய பிறகு என்ஜின் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே பால் கலந்த காப்பிபோலக் குழம்பு இருந்தால் ஆயிலில் தண்ணீர் சேர்கிறது என்று சந்தேகிக்கலாம். மழைக்காலத்தில் கடைக்கும் பள்ளிக்கும் மட்டும் ஓடும் வண்டியில், மூடியில் மட்டும் கொஞ்சம் வெண்மை படிவது உண்டு. ஆகவே ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கையும் உருவிப் பாருங்கள். அதிலும் அதே குழம்பு இருந்து, கூலன்டும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கட் (என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் கீழ்ப்பகுதிக்கும் நடுவிலுள்ள அடைப்பு) பக்கம் பார்க்க வேண்டும். புகையும் பேசும்: நீலம் என்றால் ஆயில் எரிகிறது, சூடான பிறகும் விடாமல் வெள்ளை வந்தால் கூலன்ட் எரிகிறது, கருப்பு என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது.

அடுத்து கம்ப்ரெஷன் சோதனை கேளுங்கள். ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் தருகிறது என்று மீட்டர் வைத்துப் பார்ப்பது இது. நான்கு எண்களையும் தாளில் எழுதி வாங்குங்கள். 165, 160, 95, 90 என்று வந்தால், அருகருகே உள்ள இரண்டும் சேர்ந்து இறங்கியிருப்பதால் இடையிலுள்ள கேஸ்கட் மேல்தான் முதல் சந்தேகம். குறைந்த சிலிண்டரில் கொஞ்சம் ஆயில் விட்டு மீண்டும் சோதித்து, எண் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வோ கேஸ்கட்டோ. ஹெட்டை மட்டும் கழற்றி லேத்தில் சமன்செய்வதற்கும், முழு என்ஜினை இறக்கிச் சிலிண்டர்களைக் கடைந்து 'போர்' செய்வதற்கும் செலவில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். இந்தச் சோதனையைச் செய்ய மறுக்கும் ஒர்க்‌ஷாப்பில் நான் வண்டியைப் பிரிக்க விடமாட்டேன்.

மூன்றாம் படி: எஸ்டிமேட்

உதிரிபாகம், லேத் வேலை, கூலி என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். திறந்து பார்த்தால்தான் தெரியும் என்று மெக்கானிக் சொன்னால் அது நியாயமான பேச்சு. திறந்ததும் கூப்பிடுங்கள், நான் வந்து பார்த்த பிறகு மேற்கொண்டு தொடுங்கள் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். பழைய என்ஜின் ஒன்றை வாங்கி வைக்கலாம் என்றால், அதற்கு ரசீதும் ஆவணமும் வேண்டும், ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) என்ஜின் எண்ணையும் மாற்றிப் பதிய வேண்டும்.

நான்காம் படி: மாதக் கணக்கு

"வண்டியின் விலையில் பாதிக்கு மேல் செலவென்றால் வேண்டாம்" என்ற வாய்ப்பாடு எனக்கு உடன்பாடில்லை. மாதத்துக்கு எவ்வளவு விழுகிறது என்று பாருங்கள். ஒரு மாதிரிக் கணக்கு:

வண்டியை இப்படியே விற்றால் 50,000 கிடைக்கும். என்ஜின் பணி 55,000. டயர், பேட்டரி என்று இன்னும் 12,000. மொத்தம் 1,17,000. மூன்று ஆண்டு ஓட்டி 60,000க்கு விற்றால் போனது 57,000. 36 மாதத்துக்கு வகுத்தால் மாதம் ஏறக்குறைய 1,580 ரூபாய்.

அதை விட்டுவிட்டு மூன்று லட்சத்துக்கு வேறொரு பழைய கார் வாங்கி, மூன்று ஆண்டில் 1,90,000க்கு விற்று, இடையில் 20,000 பராமரிப்புக்குப் போனால் மாதம் சுமார் 3,600. பணி செய்வதே லாபம்.

ஆனால் அடித்தகடு ஓராண்டுதான் தாங்கும் என்று டிங்கர் சொன்னால்? 1,17,000 போட்டு, ஓராண்டு கழித்து இரும்பு விலைக்கு 25,000 கிடைத்தால் மாதம் 7,600க்கு மேல். அதே வண்டி, அதே என்ஜின் பணி! உங்கள் ஊர் விலைகளை இதில் போட்டுப் பாருங்கள். போன மாதம் போட்ட புது கிளட்ச் பிளேட்டின் பணத்தை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். பணி செய்தாலும் விற்றாலும் அது திரும்பி வராது.

ஐந்தாம் படி: காகிதங்கள்

சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுக்குத்தான். பிறகு வண்டியை ஆய்வுக்குக் காட்டி ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் அதற்கான கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக உயர்ந்தது. பசுமை வரி தனி. ஆர்.சி. முடியச் சில மாதங்களே இருந்தால் இந்தச் செலவையும், ஆய்வுக்கு முன் செய்யவேண்டிய டிங்கரிங், பெயின்டிங் செலவையும் நான்காம் படியின் கணக்கில் ஏற்றுங்கள். தேய்மானத்தால் வரும் என்ஜின் கோளாறுக்கு இன்சூரன்ஸ் பணம் தராது.

கடைசிப் படி: விடுவதென்றால்

வாங்குபவரிடம் குறையைச் சொல்லி விற்றுவிடுங்கள். உளுத்த அடித்தகடு ஓர் உயிரை எடுக்கக்கூடியது. படிவம் 29, 30 ஆகியவற்றில் கையெழுத்திட்டுப் பெயர் மாற்றம் முடிகிறதா என்று நீங்களே கவனியுங்கள். களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குப் போகும் வண்டியென்றால் தடையின்மைச் சான்றும் தேவை.

ஓட்டவே லாயக்கற்ற வண்டியை ஆக்கர் கடையில் (பழைய இரும்புக் கடையில்) தள்ளிவிட்டுக் காசை வாங்கி வந்துவிடாதீர்கள். உங்கள் பெயரிலுள்ள ஆர்.சி.யும் சேஸி எண்ணும் வேறொரு வண்டிக்குப் போய்விட்டால் போலீஸ் உங்கள் வாசலுக்குத்தான் வரும். வண்டி இனிப் பயன்படாது என்பதை 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்தில், நாகர்கோவில் டி.என். 74 என்றாலும் மார்த்தாண்டம் டி.என். 75 என்றாலும், எழுத்தில் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற வாகன அழிப்பு நிலையத்தில் விட்டால் அதற்கான சான்றிதழ் தருவார்கள். பதிவு ரத்தானதை உறுதிசெய்யும் வரை ஆர்.சி. நகலையும் வரி ரசீதுகளையும் பத்திரமாக வைத்திருங்கள்.