கார்டு வராததன் காரணம் தபால்பெட்டியில் இருந்தது

ஜெர்மனிக்குப் படிக்க வந்தவுடன் ஆன்லைனில் வங்கிக் கணக்கு திறந்தேன். விசாவுக்காகப் பணம் போட்டுவைத்த பிளாக்ட் அக்கவுண்டிலிருந்து மாதாமாதம் 992 யூரோ வந்து விழ ஒரு சாதாரணக் கணக்கு வேண்டும். கணக்கு எண் உடனே கிடைத்தது. ஆனால் கார்டும், ஆப்பைத் திறப்பதற்கான குறியீடும் தபாலில்தான் வருமாம். மூன்று வாரமாகியும் வரவில்லை. பணம் உள்ளே, நான் வெளியே.

வாடிக்கையாளர் சேவையில் கேட்டால் "அனுப்பிவிட்டோம்" என்றார்கள். தெரு, வீட்டு எண், பின்கோடு எல்லாம் சரி. முகவரியில் அறை எண்ணைச் சேர்த்து மறுபடி அனுப்பச் சொன்னேன். அதுவும் வரவில்லை. அப்புறம்தான் சொன்னார்கள், இரண்டு கடிதமும் திரும்பி வந்துவிட்டதாம்.

இங்கே அடுக்குமாடி முகவரியில் பொதுவாகக் கதவு எண் கிடையாது. தபால்காரர் பெட்டியின் மேலுள்ள குடும்பப் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். நானும் பெயர் ஒட்டியிருந்தேன், ஆனால் நம்மூர் வழக்கப்படி இனிஷியலும் என் பெயரும். பாஸ்போர்ட்டில் சர்நேம் இடத்தில் இருப்பது அப்பா பெயர். வங்கிக் கடிதமும் அந்தப் பெயருக்குத்தான். அப்படி ஒருவர் அந்தக் கட்டடத்திலேயே இல்லை!

அப்பா பெயரைப் பெரிதாக எழுதிப் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் ஒட்டிவிட்டு, மறுபடி அனுப்பச் சொன்னேன். நான்காம் நாள் கார்டு வந்தது. குறியீடு தனிக் கடிதமாக மறுநாள்.