கல்மரம் பார்க்கப் போகிறீர்களா? முதல்முறை போகிறவர்களுக்கு

பொலிவியாவின் தென்மேற்கு மூலையில், சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது சிலோலி பாலைவனம். எரிமலை கக்கியது இறுகிப் பாறையாகி, மணல்வெளியில் தனித்தனியாக நிற்கிறது. அதில் பேர்போனது ‘ஆர்போல் தே பியெத்ரா’, அதாவது கல்மரம். திருவக்கரையில் இருப்பதுபோல மரம் கல்லானதல்ல. பாறையே மரம் மாதிரி நிற்கிறது.

1. உயரத்தை வைத்துப் பாதையைப் போடுங்கள்

சிலி நாட்டு சான் பெத்ரோவிலிருந்து (2,400 மீட்டர்) கிளம்பினால் எல்லை தாண்டும்போதே 4,400-ஐத் தாண்டிவிடுவீர்கள். தலை வெடிக்கும். அதைவிட, பொலிவியாவுக்குள்ளேயே இருக்கும் சுக்ரேயில் (2,800) இரண்டு நாள், பிறகு உயுனியில் (3,650) ஒரு நாள் தங்கிப் போவது நல்லது. வாந்தி, தள்ளாட்டம் வந்தால் கீழே இறங்குவதுதான் வைத்தியம். ஆனால் இந்தப் பாதையில் சட்டென்று இறங்க இடமே கிடையாது. உயரத்தால் வரும் இந்த உபாதைக்கான மாத்திரை பற்றி ஊரிலேயே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

2. ஜீப் பேசுங்கள்

உயுனியில் மூன்று நாள் ஷேர் ஜீப் கிடைக்கும். முதல் நாள் உப்புவெளி, இரண்டாம் நாள் கல்மரம். விலை பேசுமுன் ஆக்ஸிஜன் சிலிண்டரும் ஸ்டெப்னியும் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

3. மூட்டை

கனத்த ஜாக்கெட், குல்லா, சன்ஸ்கிரீன், கூலிங் கிளாஸ், தண்ணீர். வழியில் ஏடிஎம் இல்லை. ரொக்கமாகப் பொலிவியானோ வேண்டும். ஜூன், ஜூலை இரவுகளில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே வெகுதூரம் போகும்.

4. பாறையைப் பார்ப்பது எப்படி

இறங்கியதும் ஓடாதீர்கள், பத்தடியில் மூச்சு வாங்கும். எல்லோரும் ஒரே பக்கத்தில் நின்று படமெடுத்துக் கிளம்பிவிடுகிறார்கள். நீங்கள் ஒரு சுற்று வாருங்கள். தண்டு ஏன் மெலிந்திருக்கிறது? காற்று மணலை உயரே தூக்குவதில்லை, தரையை ஒட்டித் துள்ளவிடுகிறது. அந்த மணல் அடியைத்தான் அரிக்கும், தலை தப்பித்துவிடும். காற்றடித்தால் உங்கள் கணுக்காலிலேயே அது சுள்ளென்று படும். ஏறிப் பார்க்கும் ஆசை வேண்டாம். இது எதுவார்தோ அவரோவா என்ற இயற்கைக் காப்பகத்துக்குள் இருக்கிறது.

5. இரவு

அன்றிரவு பெரும்பாலும் சிவப்பு ஏரியான லகுனா கொலோராதா பக்கம், சுமார் 4,300 மீட்டரில் தங்கல். அந்த உயரத்தில் தண்ணீர் 86 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் வைத்த சோறு நடுவில் நறுக்கென்றுதான் இருக்கும். சமைத்தவரைக் குறை சொல்லாமல் சூப்பை இரண்டாம் தடவை வாங்கிக் குடித்துவிட்டுச் சீக்கிரம் படுங்கள். விடியுமுன் 4,850 மீட்டரில் வெந்நீராவி ஊற்றுகளைப் பார்க்க எழுப்பிவிடுவார்கள்.