ஒரே பெல்ட்டில் செம்பும் கியரும்: மூன்று நாள் தின்ற ஒரு சிக்கல்

ஃபேக்டோரியோ என்ற தொழிற்சாலை கட்டும் கணினி விளையாட்டில், ஆய்வுக்கூடத்துக்குத் தேவையான சிவப்பு சயின்ஸ் பேக்குக்குச் செம்புத் தகடு 1, கியர் 1 போதும். பொருள்களைச் சுமந்து ஓடும் ஒரே பெல்ட்டில் வலது பாதியில் செம்பு, இடது பாதியில் கியர் என்று திட்டம். பத்து நிமிடம் ஓடும், அப்புறம் ஆய்வுக்கூடம் வரை எல்லாம் நின்றுவிடும். பார்த்தால் பெல்ட்டின் இரண்டு பாதியிலும் செம்பு. கியருக்கு இடமே இல்லை.

கியர் பற்றாக்குறை என்று நினைத்து இன்னும் இரண்டு இயந்திரம் வைத்தேன். பொருளை எடுத்துப் பெல்ட்டில் வைக்கும் இயந்திரக் கையான இன்செர்ட்டரையும் வேகமானதாகப் போட்டேன். இன்செர்ட்டர் எப்போதும் தனக்கு எதிர்ப்பக்கப் பாதியில்தான் வைக்கும், அது சரியாகவே இருந்தது.

கோளாறு பெல்ட்டின் முதல் கட்டத்தில், அதாவது முதல் சதுரத் துண்டில். செம்பு வேறொரு பெல்ட்டில் வலப்பக்கமிருந்து வந்து சேருகிறது. ஆனால் அந்தக் கட்டத்துக்குப் பின்னால் எதுவும் இல்லாததால், விளையாட்டு அதை இணைப்பாக எடுத்துக்கொள்ளாமல் வெறும் வளைவாக மாற்றிவிடுகிறது. வளைவில், வரும் பெல்ட்டின் இரண்டு பாதியும் அப்படியே தொடரும். பின்னால் ஒரே ஒரு காலி பெல்ட் துண்டு வைத்தேன். அதில் எதுவும் ஓடாது, சும்மா கிடக்கும். உடனே வளைவு நேராகி, செம்பு வலது பாதியில் மட்டும் ஏறியது.

அப்போதும் ஓடவில்லை! இடது பாதியில் பழைய செம்பு தேங்கிக் கிடந்தது. எஃப் விசையை அழுத்தியபடி நடந்து அள்ளிய பிறகே கியர் இறங்கியது. அப்பாடா.