பைத்தானில் கூடுதல் இடைவெளியை நீக்க ஒரே வரி

படிவத்தில் வரும் பெயர், தேடல் சொல் போன்றவற்றில் கிடக்கும் கூடுதல் இடைவெளியை நீக்க ரெகெக்ஸ் (regex, எழுத்து வடிவங்களைத் தேடும் முறை) தேவையே இல்லை. பைத்தானில் சரத்தைத் துண்டாக்கும் ஸ்பிளிட்டை (split) அடைப்புக்குள் எதுவும் கொடுக்காமல் அழைத்து, வந்த பட்டியலை ஒற்றை இடைவெளி வைத்து ஜாயின் (join) செய்து ஒன்றாகச் சேர்த்தால் போதும். வெறுமனே அழைக்கும்போது டேப், புதுவரி, இணையப் பக்கத்திலிருந்து ஒட்டும்போது கூடவே வந்துவிடும் உடையா இடைவெளி (அந்த இடத்தில் வரி முறியாமல் தடுப்பது) என்று அடுத்தடுத்து எத்தனை இருந்தாலும் ஒரே பிரிப்பானாக எடுத்துக்கொள்ளும், முன்னும் பின்னும் உள்ளதும் போய்விடும். அடைப்புக்குள் ஒரு இடைவெளியைக் கொடுத்தால் காரியம் கெட்டது: நடுவில் வெற்றுச் சரங்கள் வரும், ஜாயின் செய்ததும் பழையபடியே நிற்கும்.

கடவுச்சொல்லில் கை வைக்கவே வேண்டாம். பல வரி முகவரியிலும் கூடாது, வரிகள் ஒன்றாகிவிடும். அப்புறம், பூஜ்ய அகல இடைவெளி (அகலமே இல்லாத, கண்ணுக்குத் தெரியாத எழுத்து) இதில் சிக்காது. அதை ரீப்ளேஸ் (replace) போட்டுத் தனியாகத்தான் எடுக்க வேண்டும்.