விவாகரத்துத் தீர்ப்பு எதையெல்லாம் முறிக்காது?

விவாகரத்து என்றாலே நம் வீடுகளில் பேச்சு மானம், கோபம், யார் பக்கம் நியாயம் என்பதோடு நின்றுவிடுகிறது. காகிதங்களைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. நீதிமன்றத் தீர்ப்பு திருமணத்தை முறிக்கும். வங்கிக் கடனையோ, காப்புறுதிப் பத்திரத்தையோ, ஊழியர் சேமநிதியில் வாரிசாக எழுதிக்கொடுத்த பெயரையோ அது தானாக முறிக்காது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் போய்த்தான் அவிழ்க்க வேண்டும். கோலாலம்பூரில் நம்மவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். (இனி வருவது முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டத்தைப் பற்றியது. முஸ்லிம் தம்பதியர் போக வேண்டிய இடம் ஷரியா நீதிமன்றம்.)

ஆகாத விவாகரத்தை ஆகிவிட்டதாக நம்புகிறவர்களில் இருந்து தொடங்கலாம். சத்தியப் பிரமாண ஆணையரிடம் போய், “இனி நமக்குள் ஒன்றுமில்லை” என்று எழுதிக் கையெழுத்திட்டு முத்திரை வாங்கி வைத்திருப்பவர்கள் உண்டு. ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் தாலியைக் கழற்றிக் கொடுத்தவர்களும் உண்டு. சட்டத்தின் கண்ணில் அவர்கள் இன்னும் கணவன் மனைவிதான். இரண்டு ஆண்டு பிரிந்திருந்தால் திருமணம் தானாக முறிந்துவிடும் என்பதும் வெறும் கதை. பிரிந்திருந்த அந்தக் காலம் மனுவில் காட்டக்கூடிய ஒரு காரணம் மட்டுமே. முறிவைத் தருவது உயர் நீதிமன்றம். அதுவும் திருமணமாகி இரண்டு ஆண்டு நிறையும் முன், அசாதாரணத் துன்பம் என்று நீதிபதியை நம்பவைத்தாலொழிய மனுவே போட முடியாது. கோயிலில் தாலி கட்டியதோடு நின்று, பதிவு செய்யாமல் விட்டவர்களின் சிக்கல் தனி. வழக்கறிஞரை முதலில் பார்க்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.

இருவரும் ஒத்துப்போனால் கூட்டு மனு போதும். ஒருவர் மட்டும் கேட்டால், வழக்குக்கு முன் தேசியப் பதிவிலாகா வழியாகச் சமரசக் குழுவுக்குப் போக வேண்டும். துணை இருக்குமிடமே தெரியாத நிலை போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. குழுவின் முன் உங்களுக்காக வழக்கறிஞர் பேச முடியாது. “அவள் கூப்பிட்டால் நான் ஏன் போக வேண்டும்?” என்று வீட்டிலேயே இருந்துகொள்ளும் ஆண்கள், அதனால் வழக்கு நின்றுவிடும் என்று நினைக்கிறார்கள். நிற்காது. சேர்த்துவைக்க முடியவில்லை என்று குழு சான்று கொடுத்துவிடும், விவகாரம் ஜாலான் டூத்தா நீதிமன்றத்துக்குப் போய்விடும்.

என் பார்வையில் மிக விலை கொடுக்க வைக்கும் தவறு, “எனக்கு எதுவும் வேண்டாம், விட்டால் போதும்” என்பது. பெரும்பாலும் பெண்கள் சொல்வது. அந்த நேரத்தில் அது சுயமரியாதையாகத் தோன்றும். கூட்டு மனுவில் அது ஒரு வரியாக ஏறி, நீதிமன்ற ஆணையாகிவிட்ட பிறகு திரும்பப் பெறுவது பெரும்பாடு. “நான் சம்பாதிக்கவில்லையே, எனக்கு என்ன பங்கு?” என்ற தயக்கத்துக்கும் இன்று இடமில்லை. 2018 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, வீட்டைக் கவனித்ததும் பிள்ளைகளை வளர்த்ததும் எத்தனை ஆண்டு வாழ்ந்தீர்கள் என்பதும் சொத்துப் பிரிவினையில் எடைபோடப்படுகின்றன.

பிள்ளைச் செலவை விட்டுக்கொடுக்கும் உரிமை தாய்க்கும் இல்லை, தகப்பனுக்கும் இல்லை, அது பிள்ளையினுடையது. 18 வயதோடு நிற்க வேண்டும் என்பதும் இல்லை. மேற்படிப்போ பயிற்சியோ முடியும் வரை நீள அதே திருத்தம் வழி செய்தது. மனுவில் “நியாயமான தொகை தருவார்” என்று எழுதாதீர்கள். நியாயம் எவ்வளவு என்று பிறகு யாரிடம் போய்க் கேட்பது? “மாதம் 800 ரிங்கிட், ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குள், இன்ன வங்கிக் கணக்கில், பள்ளிக் கட்டணமும் மருத்துவச் செலவும் தனி, பாதிப் பாதி” என்று எழுதுங்கள். எண்ணும் தேதியும் இருந்தால்தான் தராதவரை நீதிமன்றத்தில் நிறுத்த முடியும்.

அடுத்தது வீடு. செந்தூலில் இருவர் பெயரிலும் வாங்கிய அடுக்குமாடி வீடு என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை 1,600 ரிங்கிட். “வீடு மனைவிக்கு, மீதிக் கடனைக் கணவர் கட்டுவார்” என்று ஆணையில் இருக்கிறது. எல்லாருக்கும் திருப்தி. ஆனால் வங்கி அந்த வழக்கில் ஒரு தரப்பே அல்ல. கணவர் கட்டாமல் நிறுத்தினால் நோட்டீஸ் இருவருக்கும் வரும், கடன் பதிவேட்டில் இருவர் பெயரும் கெடும். ஆகவே கையெழுத்திடும் முன்பே வங்கிக்குப் போய், கடனை ஒருவர் பெயருக்கு மாற்றச் சம்பளம் போதுமா என்று கேளுங்கள். போதாது என்றால் வீட்டை விற்றுப் பிரித்துக்கொள்வதே மேல், மனம் கேட்காவிட்டாலும். பெயர் மாற்றும்போது முத்திரை வரியும் சொத்து ஆதாய வரியும் எப்படி விழும் என்பதையும் வழக்கறிஞரிடம் முன்கூட்டியே விசாரியுங்கள்.

கார் இன்னொரு தலைவலி. கடன் மனைவி பெயரில், சாவி கணவர் கையில். பிரிந்த பிறகும் போக்குவரத்துச் சம்மன் அவள் பெயருக்கே வந்துகொண்டிருக்கும்.

சேமநிதிப் பணம் நேரே துணையின் கைக்குப் போகாது. ஆனால் பங்கு பிரிக்கும்போது நீதிமன்றம் அதையும் கணக்கில் எடுப்பதுண்டு. பெரிய ஆபத்து வேறு. எப்போதோ எழுதிக்கொடுத்த வாரிசுப் பெயர் விவாகரத்தால் அழியாது. நீங்களே போய் மாற்றாவிட்டால், உங்களுக்குப் பின் அந்தப் பணம் முன்னாள் துணைக்கே போகும். உயிலும் அப்படித்தான்: மறுமணம் பழைய உயிலை ரத்தாக்கும், விவாகரத்து ரத்தாக்காது. காப்புறுதி இன்னும் கெட்டி. வாரிசாக மனைவியையோ கணவரையோ எழுதியிருந்தால் அது அறக்கட்டளைபோல் ஆகிவிடுகிறது. பெயரை மாற்றப் பெரும்பாலும் அவருடைய எழுத்துபூர்வமான சம்மதமே வேண்டும். அந்தச் சம்மதத்தைச் சமரசம் பேசும்போதே வாங்கிவிடுங்கள். அப்புறம் கேட்டால் யார் தருவார்?

நகை விஷயத்தில் சண்டை அதிகம், சான்று குறைவு. திருமணப் படங்கள், மஸ்ஜிட் இந்தியா நகைக்கடை ரசீதுகள், அடகுச் சீட்டுகள் எல்லாவற்றையும் பிரதி எடுத்து வையுங்கள். கூட்டு (சீட்டு) கட்டிய பணத்தை மட்டும் நீதிமன்றத்தில் மீட்கலாம் என்று எண்ணாதீர்கள். 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி கூட்டு நடத்துவதே குற்றம்.

தீர்ப்பு வந்த நாளிலேயே எல்லாம் முடிந்துவிடுவதுமில்லை. முதலில் கிடைப்பது இடைக்காலத் தீர்ப்பு. அது இறுதியாக வழக்கமாக மூன்று மாதம் காத்திருக்க வேண்டும், பிறகு இறுதியாக்கும் சான்றிதழை வாங்க வேண்டும். அதற்குள் மறுமணத்துக்கு மண்டபம் பிடித்து, பத்திரிகையும் அடித்துவிட்டால் பதிவிலாகா திருப்பி அனுப்பும். சடங்கை மட்டும் நடத்திக்கொண்டால் இருதார மணக் குற்றச்சாட்டுக்கு நீங்களே வாசல் திறந்துவிடுகிறீர்கள். மண்டபத்துக்குக் கட்டிய முன்பணமும் திரும்பி வராது.