யாழ்ப்பாணத்தில் முதன்முதலாகக் காணி, வீடு வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் வெறும் வளவுகளுக்குக் குறைவில்லை. விலைக்கு வருபவைதான் குறைவு. உரித்தாளர் கனடாவில் இருப்பார். அல்லது இறந்துபோன தாய் தகப்பன் பெயரிலேயே உறுதி (காணியின் உரித்தைக் காட்டும் பத்திரம்) கிடக்கும், பிள்ளைகள் நாலு நாட்டில் இருப்பார்கள். வலிகாமம் வடக்கில் ஒரு பகுதி இன்னும் படையினர் வசம். அதனால் சுத்தமான உறுதியுள்ள காணியின் விலை எட்டாத உயரத்துக்குப் போய்விடுகிறது. கையில் அளவான பணமுள்ள இளம் குடும்பம் "மலிவாய் வருகுது" என்ற காணியைத் தேடிப் போகிறது. அந்த மலிவுக்கான காரணம் பெரும்பாலும் உறுதிக்குள்ளேயே இருக்கும்.

அச்சவாரம் கொடுத்த பிறகு உறுதியைப் பார்ப்பதுதான் பெரிய தவறு. முதலில் உறுதியின் பிரதியை வாங்கி, உங்கள் சார்பான நொத்தாரிசிடம் (உறுதி எழுதும் சட்டத்தரணியிடம்) கொடுங்கள். தரகர் கூட்டிவரும் நொத்தாரிசு வேண்டாம். காணிப் பதிவகத்தில் குறைந்தது 30 வருடப் பதிவைத் தேட வேண்டும். ஈடு, ஒற்றி, வழக்குப் பதிவு எல்லாம் அங்கே தெரியும். சீவிய உரித்தை, அதாவது உயிருள்ளவரை அனுபவிக்கும் உரிமையை, தனியாகக் கவனியுங்கள். மகளுக்கு நன்கொடை எழுதிய பெற்றோர் அதைத் தங்களுக்கு வைத்திருந்தால், அவர்கள் விட்டுக்கொடுத்துக் கையெழுத்திடாதவரை அந்த வீட்டில் நீங்கள் குடியேற முடியாது.

முற்பணத்தைப் பற்றுச்சீட்டுக்கோ முத்திரை ஒட்டிய காகிதத்துக்கோ கொடுக்காதீர்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்கும் உடன்படிக்கை நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். இல்லாவிட்டால், விற்பவர் மனம் மாறும்போது காணியை எழுதித் தரும்படி நீதிமன்றத்தில் கேட்க வழியில்லை.

அடுத்த கேள்வி, யார் யார் கையெழுத்து வேண்டும் என்பது. உறுதியில் ஒரு பெயர் இருந்தால் அவர் மட்டும் போதும் என்று நினைக்கிறார்கள். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்டவர்களிடம் அது சரிவராது. மணமான பெண் தன் பெயரிலுள்ள காணியை விற்பதற்கும் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் தேவை. மணவாழ்வில் விலைக்கு வாங்கியது தேடியதேட்டம் (இருவருக்கும் பொதுவான சொத்து) என்பதால் கணவன், மனைவி இருவரையும் கையெழுத்திடச் செய்யுங்கள். ஒருவர் இறந்திருந்தால், அவரது பங்கு வாரிசுகளுக்குப் போயிருக்கிறதா என்று பார்க்காமல் மற்றவரிடம் முழுக் காணியையும் வாங்க வேண்டாம்.

பலருக்குச் சொந்தமாகி, எல்லை பிரிக்கப்படாமல் இருக்கும் காணியில் ஒருவரின் பிரிபடாத பங்கு இன்னும் சிக்கலானது. தேசவழமை தொடர்பான 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் கூட்டு உரித்தாளருக்கும், விற்பவரின் வாரிசாக வரக்கூடியவருக்கும் முதலில் வாங்கும் உரிமையைத் தருகிறது. முறையாக அறிவிக்காமல் விற்றால் அவர்கள் வழக்குப் போட்டு, விலையைக் கட்டிக் காணியை எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் அதற்குள் அத்திவாரம் போட்டிருப்பீர்கள். பங்கு பிரித்து, அளந்து, தனி உறுதி முடித்த பின் வாங்குவதே நல்லது. பிரிபடாத பங்குக்கு வங்கிக் கடன் எடுப்பதும் கடினம்.

வெளிநாட்டிலுள்ளவருக்காக அற்றோணி (அவர் சார்பில் செயற்படும் அதிகாரப் பத்திரம்) பெற்றவர் விற்றால் இரண்டு விடயங்களை உறுதிசெய்யுங்கள். விற்கும் அதிகாரம் அதில் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்க வேண்டும். அவர் இறந்தால் அற்றோணியும் செல்லாது. வீடியோ அழைப்பில் அவரோடு நேரே கதையுங்கள். உறுதியே இல்லாமல், "இருபது வருசமாய் நாங்கள்தான் இருக்கிறம்" என்பவரிடம், அவரது உரித்தை ஏற்ற நீதிமன்றத் தீர்ப்பைக் கேளுங்கள். போரால் தங்கள் காணிக்கு உரிமை கோர முடியாமற்போன உரித்தாளர்களுக்காக 2016இல் தனிச் சட்டமே வந்தது.

ஒரு பரப்பு என்பது 10 பேர்ச், அதாவது 2,722.5 சதுர அடி. பழைய உறுதிகளில் வரகுப் பரப்பும் (மேட்டுநிலக் கணக்கு) நெற்பரப்பும் (வயல் கணக்கு) வரும். இரண்டும் ஒரே அளவல்ல. வேலியை நம்பாமல் அனுமதி பெற்ற நில அளவையாளரைக் கொண்டு புதிதாக அளக்கவும். ஒழுங்கை யாருக்குச் சொந்தம், எத்தனை அடி, கிணற்றில் பங்கு உண்டா என்பவை உறுதியில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

ஒரு பரப்புத் துண்டு மலிவென்று வாங்குபவர்கள் கிணற்றை மறந்துவிடுகிறார்கள். சதுரமான ஒரு பரப்பின் பக்கம் ஏறத்தாழ 52 அடி. மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் 50 அடி விடச் சொல்வது வழக்கம், பக்கத்து வீட்டுக் கிணறும் கணக்கில் சேரும். எங்கள் சுண்ணக்கல் நிலத்தில் கழிவு வெடிப்புகளூடாக விரைவாய் நீரில் கலக்கும். குழாய்நீர் அந்த ஒழுங்கைக்கு வந்திருக்கிறதா என்று பாருங்கள். வயல் நிலமென்றால், கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் நிரப்பக் கூடாது.

விலையோடு கணக்கு முடிவதில்லை. உறுதிக்காக அரசுக்குக் கட்டும் முத்திரைத் தீர்வை முதல் 100,000 ரூபாவுக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். ஒரு கோடி ரூபாக் காணிக்கு 399,000 ரூபா. நொத்தாரிசுக் கட்டணமும் அளவைச் செலவும் வேறு. தீர்வையைக் குறைக்க உறுதியில் விலையைக் குறைத்து எழுதினால், வங்கிக் கடனும் சுருங்கலாம், சந்தை விலைக்கு மேலதிகத் தீர்வையும் கேட்கப்படலாம்.

உறுதி எழுதியதும் வேலை முடிந்ததென்று இருந்துவிடாதீர்கள். அதே காணி இன்னொருவருக்கும் எழுதப்பட்டிருந்தால், மோசடி இல்லாதவிடத்து, முந்திப் பதியப்பட்ட உறுதிக்கே முன்னுரிமை. தாமதமின்றிப் பதிவுக்குக் கொடுக்கச் சொல்லி, பதிவு விவரம் எழுதிய உறுதியை நொத்தாரிசிடமிருந்து கையில் வாங்குங்கள்.